பிலோமினா செய்த மரக்கை

செவ்வாய்க்கிழமை காலை பத்தாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. திரையில் பிலோமினாவின் பெயர். மார்பு ஒரு மாதிரி இருக்கிறது, டாக்டரைப் பார்த்துவிட்டு மதியம் வந்துவிடுகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். எடுத்தேன். பேசியது அவர் இல்லை, அவருடைய தம்பி அந்தோணி. குரல் அவனுடையது என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்தோணி பேசுகிறான், அப்படியானால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி. பதினோரு வருடப் பழக்கத்தில் என் மனம் அப்படிப் பழகியிருந்தது. அந்த வீட்டிலிருந்து ஒரு கெட்ட செய்தி வருமென்றால் அது அந்தோணியைப் பற்றித்தான் இருக்கும் என்று பிலோமினாவும் நினைத்திருந்தார், நானும் நினைத்திருந்தேன்.

"டீச்சர், அக்கா பூட்ச்சி டீச்சர்," என்றான்.

எங்கே போனார் என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கருங்குழியில் பேருந்து ஏறி, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, கம்பியில் தலையைச் சாய்த்தவர் செங்கல்பட்டு வந்தும் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துத்தான் நடத்துநர் தோளைத் தட்டியிருக்கிறார். பிலோமினாவுக்கு வயது ஐம்பத்தொன்று.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் படித்த பெண்களுக்கு அவர் இயற்பியல் ஆய்வக உதவியாளர். நீல மேலங்கி, இடுப்பில் சாவிக்கொத்து, சுவரில் அவர் கையால் எழுதி ஒட்டிய ஒரே விதி: 'எடுத்தா வை. ஒடஞ்சா சொல்லு.' உடைத்தவர்களை அவர் திட்டி நான் பார்த்ததில்லை. "ஒடைக்காத கை எங்க கீது? ஒளிச்சி வெச்சாத்தான் எனக்குக் கோவம் வரும்," என்பார்.

அவருடைய பெற்றோர் கருங்குழிப் பக்கம் பிறர் நிலத்தில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்தவர்கள். அவர்கள் போனபின், தன்னைவிட ஒன்பது வயது இளைய அந்தோணியை வளர்த்தவர் பிலோமினாதான். அந்தோணி கழிவுநீர் லாரியில் வேலைக்குப் போனான். மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதிகள், புதுப்பட்டினத்து வீடுகள், கடப்பாக்கம் வரைக்கும் எங்கே தொட்டி நிரம்பினாலும் அந்த லாரி போகும். ஆள் உள்ளே இறங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. லாரியின் பக்கவாட்டிலேயே அதைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஆனால் உறிஞ்சுகுழாயின் வாயை அடியில் கிடக்கும் துணியோ கல்லோ அடைத்துக்கொண்டால், வீட்டுக்காரர்கள் அந்த எழுத்தைப் பார்க்க மாட்டார்கள். அந்தோணியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு தொட்டிக்கும் அவன் அக்காவுக்கு இரண்டு முறை பேச வேண்டும். வேலை தொடங்கும்போது ஒன்று, முடிந்ததும் ஒன்று. இரண்டாவது அழைப்பு வந்தால் பிலோமினா கேட்கும் முதல் கேள்வி, "மேல கீறியா?" அந்த அழைப்பு தாமதமானால், ஏற்கெனவே துடைத்த கண்ணாடி வில்லையை எடுத்து மறுபடி துடைப்பார். வைப்பார். மறுபடி எடுப்பார். பாடவேளை முழுக்க அப்படித் துடைத்துக்கொண்டே நின்றதை நான் வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே போய்ப் பேச்சுக் கொடுக்கத் துணிவு வந்ததில்லை.

அடுத்து எழுதப்போவதை விட்டுவிட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

மூன்று வருடத்துக்கு முன்பு, என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுத் தொட்டி பொங்கிப் பின்கட்டெல்லாம் வழிந்தது. ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் யாரையோ பிடித்து லாரி வரவழைத்தார். குழாய் மூன்று முறை அடைத்துக்கொண்டது. "யாராச்சும் இறங்கி எடுத்து விட்டுடுங்கப்பா. சொந்தக்காரங்க வர நேரம்," என்று என் கணவர் சொல்வது சமையலறையில் எனக்குக் கேட்டது. அவர்களுக்குக் குடிக்கச் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அந்தோணி.

பள்ளி வாசலில் இரண்டு மூன்று முறை பார்த்துப் பேசிய முகம். அவனும் என்னை அடையாளம் கண்டுகொண்டு தலையைக் குனிந்தான். 'வேண்டாம்' என்று நான் சொல்லியிருக்கலாம். வீடு என்னுடையது. செம்பைத் திட்டின்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஆறேழு நிமிடம் இருக்கும். ஒரு இருமல் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. லாரி ஓட்டுநர் சேகர், "அந்தோணி" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. "டேய், அந்தோணி!" அதற்கும் பதில் இல்லை. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கையை நீட்டி அணைக்கக்கூட முடியவில்லை. மூன்றாவது முறை சேகர் கத்தியபோதுதான் உள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. மேலே வந்தவன் சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். கண்கள் சிவந்திருந்தன. உள்ளங்கையில் கிழிசல்.

போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னான். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். ஒரே பேஜாராப் பூடும்."

உடனே தலையாட்டினேன். அவன் கேட்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் பிலோமினா ஆசிரியர் அறைக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். தம்பியின் கையில் இருந்த காயத்தைப் பார்த்து விஷயத்தை வாங்கியிருக்கிறார்.

"நேத்து தம்பி போனது உங்க வூடா டீச்சர்?"

"ஆமாம்," என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவர் திட்டவில்லை.

"உள்ள இன்னா அடச்சிகினு இருந்துது?"

"ஒரு பழைய கோணிச் சாக்கு. அதுல சுத்திக்கிட்டு ரெண்டு அரைச் செங்கல்."

"எவ்ளோ ஆழம்?"

"எட்டு அடி இருக்கும்."

மேலங்கியிலிருந்து பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார். பிறகு, "ரெண்டு அரைச் செங்கல்லுக்கு ஒரு முழு ஆளு," என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். "அதுக்கு ஒரு கை போதுமே டீச்சர். ஆளு எதுக்கு?"

அன்று மாலையே தொடங்கிவிட்டார்.

உடைந்த பெஞ்சுக் கால்களை அறுத்து விரல்கள். ஒரு விரலுக்கு மூன்று துண்டு, துண்டுகளுக்கு நடுவே கீலாக மிதிவண்டிச் சக்கரக் கம்பி. விரல்கள் மூட, மீனவர்கள் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நரம்பு. அதைப் புதுப்பட்டினம் சந்தையில் வாங்கிவந்தார். மூடிய விரல் திறக்க, பின்புறத்தில் மிதிவண்டி டியூப் ரப்பர். நரம்பை இழுத்தால் விரல் மடங்கும், விட்டால் ரப்பர் நிமிர்த்திவிடும். இழுப்பதற்கு ஒரு சின்ன மோட்டார். பொம்மைக் காரின் ரிமோட்டைப் பிரித்து அதன் பலகையை மோட்டாரோடு இணைத்தார். தொட்டியின் வாயில் குனிந்து நின்றாலே காற்று அடித்து மயங்குகிறவர்கள் உண்டு. அதனால் இருபது அடி தள்ளி நின்று இயக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

மூன்று வாரத்தில் கை அசைந்தது. ஆய்வக மேஜையில் ஒரு செங்கல்லைப் பற்றித் தூக்கியபோது நான் கைதட்டிவிட்டேன். இயற்பியல் ஆசிரியர் சுந்தரமூர்த்தி மட்டும் கைதட்டவில்லை. மணிக்கட்டில் இருந்த மோட்டாரைக் குனிந்து பார்த்தார்.

"பிலோமினா, இது சுத்தும்போது உள்ள பொறி பறக்கும். தெரியும்ல? தொட்டிக்குள்ள இருக்கறது எரியற வாயு."

பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி நாளைக்கே எடுத்துக்கினு போறேன்னான் சார்," என்றார். பிறகு, "கை செஞ்சேன்னு நெனச்சிகினு தீக்குச்சி செஞ்சி வெச்சிகீறேன்," என்று சொல்லிவிட்டு, ஸ்குரூ டிரைவரை எடுத்து அப்போதே முழுவதையும் பிரித்துப் போட்டார்.

அடுத்த முறை குழிக்குள் மின்சாரமே போகவில்லை. பன்னிரண்டு அடி சவுக்குக் கழியின் நுனியில் கை. கழி நெடுக நரம்புகள் மேலே ஓடிவந்து, குழிக்கு வெகு தூரத்தில் வைத்த பெட்டியை அடையும். பெட்டிக்குள் பழைய காரின் மழைத் துடைப்பான் மோட்டார்கள் இரண்டு: ஒன்று விரல்களுக்கு, மற்றது மணிக்கட்டைத் திருப்ப. பைக் பேட்டரி. பொம்மை ரிமோட்டின் பலம் இவ்வளவு பெரிய மோட்டாருக்குப் போதாது என்பதால், பழைய ஸ்டெபிலைசரிலிருந்து ரிலேக்களைக் கழற்றி நடுவில் வைத்தார். சின்ன மின்சாரம் தட்டினால் அவை பெரிய மின்சாரத்துக்கு வழி திறக்கும்.

"தூக்கறதுக்கு நாம கயிறு போட்டு இழுத்துக்கலாம். இது புடிச்சிகினு இருந்தா போதும். புடிச்சத வுடக் கூடாது," என்பார். ஏதாவது பற்றினால் மோட்டாரின் சத்தம் கனக்கும். அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கப் பழகினார்.

இதெல்லாம் நடந்த மாதங்களில் அந்தோணி வேலைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தான். ஒருநாள் செய்தித்தாளில் வேறு ஏதோ ஊரில் இரண்டு பேர் தொட்டிக்குள் இறந்த செய்தி வந்தது. அதை எடுத்து ஒளித்து வைத்தேன். பிலோமினா ஏற்கெனவே படித்திருந்தார். "மழை புடிக்கறதுக்குள்ள முடிக்கணும் டீச்சர். மழையிலதான் எல்லாத் தொட்டியும் பொங்கும்," என்றார். சோறு பாதியில் மூடிவைத்துவிட்டுப் போவார். தண்ணீரில் ஊறி மரவிரல்கள் உப்பிப்போய் அசையாமல் நின்ற அன்று அவர் அழுததை நான் பார்த்தேன். கடப்பாக்கத்தில் படகு பழுதுபார்ப்பவர் ஒருவர் கண்ணாடியிழைப் படகுக்குப் பூசும் பிசினைக் கொடுத்து, "இத்த ரெண்டு கோட்டு அடிம்மா. கடலே உள்ள பூராது," என்றார். அடித்தார். சேறு கரைத்த பீப்பாயில் மூன்று நாள் ஊறப்போட்டும் விரல்கள் மடங்கின.

ஒரு மாலையில் கூடவே உட்கார்ந்து ரப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, "பிலோமினா, அன்னிக்கு எங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தத் திருகாணிய எடுங்க டீச்சர்," என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.

காலாண்டு விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடல் தெரியும் ஒரு விடுதிக்கு லாரியோடு மரக்கையும் போனது. பிலோமினா கூப்பிட்டதால் நானும் போனேன். மாலையில் விருந்தினர் வருகிறார்கள் என்று விடுதி மேலாளர் பரபரத்துக்கொண்டிருந்தார். லாரி உறிஞ்ச உறிஞ்ச, பாதியில் குழாய் அடைத்துக்கொண்டது.

மூன்று சவுக்குக் கழிகளை முக்காலிபோலக் கட்டி, கப்பியில் கயிறு போட்டு, கையை இறக்கினார்கள். அந்தோணி முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, நீளக் கம்பில் கட்டிய கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் குழிக்குள் அடித்துப் பார்த்தான்.

"அக்கா, கொஞ்சம் இடது பக்கம். இன்னும். ஆங், புடி!"

மோட்டார் கனத்தது. கயிற்றை இழுத்தார்கள். நான்கடி வந்திருக்கும், பட்டென்று ஒரு சத்தம். நரம்பு அறுந்துபோய் விரல்கள் மலர்ந்துவிட்டன. பிடித்தது உள்ளேயே விழுந்தது. மரக்கையை மட்டும் மேலே எடுத்து ஓரமாகக் கிடத்தினார்கள்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "போதும்மா உங்க வெளையாட்டு. தம்பி, நீ எறங்கி எடுத்துடு. அஞ்சு நிமிஷ வேலை."

அந்தோணி அக்காவைப் பார்த்தான். மேலாளரைப் பார்த்தான். அவன் கை சட்டைப் பொத்தானுக்குப் போனது. பழக்கம்.

பிலோமினா ரிமோட்டை வைத்துவிட்டு நடந்துபோனார். குழிமூடியைத் தரையில் இழுத்துக் கொண்டுவந்து வாயை மூடி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, எழுந்திரு. வாடை அடிக்குது," என்றான் அந்தோணி.

"நீ எறங்கணும்னா என்னத் தூக்கிப் போட்டுட்டு எறங்கு."

"இன்னாம்மா இது, தகராறு பண்றியா?" என்று மேலாளர் குரலை உயர்த்தினார். "வேற லாரி கூப்பிட்டா வேலை முடிஞ்சிடும்."

"கூப்புடுங்க சார். அவங்க வந்தாலும் எழுந்துக்க மாட்டேன். எனக்கு நரம்பு மாத்த முக்கால் மணி நேரம் குடுங்க. முக்கால் மணி நேரத்துல யாரும் சாவ மாட்டாங்க. எறங்குனாத்தான் சாவாங்க."

நான் மேலாளரிடம் போய் நின்றேன். என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. நான் ஆசிரியை என்றும், சட்டம் என்றும், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். என் குரல் கீச்சென்று வந்தது மட்டும் நினைவிருக்கிறது. அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

கையைக் கழுவிக் கொடுத்தார்கள். மூடியின்மேல் உட்கார்ந்தபடியே பிலோமினா புது நரம்பு கோத்தார். விரல்களின் துளைகளில் நரம்பு நுழையவில்லை, அவ்வளவு நடுக்கம். நான்கைந்து முறை தவறிப்போய், கடைசியில் சேகர் நரம்பைப் பிடித்துக்கொள்ள இவர் முடிச்சுப் போட்டார், ஒன்றுக்கு இரண்டாக. எழுந்து மூடியைத் தள்ளி, கையை மறுபடி இறக்கியபோது ரிமோட்டை என்னிடம் நீட்டினார்.

"நீங்க அமுத்துங்க டீச்சர். என் கை நிக்கல."

"எனக்குத் தெரியாதே!"

"நான் சத்தத்தக் கேட்டுச் சொல்றேன். நான் சொல்லும்போது அமுத்துங்க. வுடுன்னு சொல்ற வரைக்கும் வுடாதீங்க."

அமுக்கினேன். மோட்டார் ஓடிய சத்தம் மெல்லக் கனத்தது. "வுடாதீங்க," என்றார் பிலோமினா. கயிறு அங்குலம் அங்குலமாக ஏறியது. என் கட்டைவிரல் மரத்துப்போனது. "வுடாதீங்க டீச்சர், வுடாதீங்க." கடைசியில் கரிய நீர் சொட்டச் சொட்ட, மரவிரல்களுக்குள் ஒரு படுக்கை விரிப்புச் சுருள் மேலே வந்தது. அதற்குள் கற்கள். "வுடுங்க," என்றார். என் விரல் உடனே நிமிரவில்லை. அந்தோணி வந்து மெதுவாகப் பிரித்து எடுத்தான்.

யாரும் கைதட்டவில்லை. பிலோமினா சவுக்குத் தோப்புக்குள் கொஞ்ச தூரம் நடந்துபோய், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அந்தோணி இறங்கவில்லை. அந்தக் கை எல்லா இடத்திலும் வேலை செய்யவில்லை. அது முடியாத இடங்களில், "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு லாரி திரும்பி வந்தது. அப்படித் திரும்பி வர அவனைப் பழக்கியதும் பிலோமினாதான். மற்ற லாரிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சுந்தரமூர்த்தி சாரும் அந்தோணியும் சேர்ந்து இரண்டாவது கையைச் செய்து முடித்த வாரத்தில்தான் பிலோமினா அந்தப் பேருந்தில் ஏறினார். தன் மார்பு வலியை எத்தனை நாளாக வைத்திருந்தார் என்று தெரியவில்லை. தம்பியிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னதும் ஒரே ஒரு வரிதான். ஒளித்து வைத்தவர்களை அவர் திட்டுவார். அவரைத் திட்ட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

போன வாரம் எங்கள் தெருவில், எதிர்வீட்டு வாசலில் ஒரு குழிமூடி திறந்து கிடந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். தெருவைக் கடந்தேன்.

"யாருங்க எறங்கப்போறது?"

"நான்தாம்மா. பட்டுனு முடிஞ்சிடும்."

"எறங்காதீங்க."

வீட்டுக்காரர் சிரித்தார். "நாங்க பாத்துக்கறோம் டீச்சர். நீங்க வெயில்ல நிக்காதீங்க."

உள்ளே போகவில்லை. அந்தோணியைக் கூப்பிட்டேன். புதுப்பட்டினத்தில் இருக்கிறேன், வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றான். அந்த மனிதரின் பெயரைக் கேட்டேன், பன்னீர் என்றார். வீட்டிலிருந்து நாற்காலியும் தேநீரும் கொண்டுவந்து அவரை உட்கார வைத்துவிட்டு, நான் குழியருகிலேயே நின்றேன். வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து முகத்தைச் சுளித்தார். மூன்றாவது முறை வந்து சத்தம் போட்டால் என்ன செய்வது, அந்தோணி வரத் தாமதமானால் என்ன செய்வது, நான் கொஞ்சம் திரும்பும் நேரத்தில் பன்னீர் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தோணி வந்தான். கை இறங்கியது. ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பிடித்துக்கொண்டு வந்தது. பன்னீர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்துக்கா?" என்றார்.

அந்தோணி என்னைப் பார்த்தான். "இன்னா டீச்சர், மூஞ்சி இப்படி வெளுத்துக் கீது? உள்ளதான் யாருமே இல்லியே."

"தெரியலப்பா. பயமா இருக்கு," என்றேன்.

அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

பிலோமினாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்தப் பயம்தான். யாரோ ஒருவர் சட்டையைக் கழற்றினால் அடிவயிற்றில் வந்து பிடிக்கிற பயம். ஐம்பது வயது வரை இது இல்லாமல் நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். இனி இது என்னைவிட்டுப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.